ஒத்திகையில் போன இடத்துக்குத்தான் கால் போகும்

2011 மார்ச் 11, வெள்ளிக்கிழமை. பிற்பகல் 2.46 மணி. ஜப்பானின் வடகிழக்குக் கரையில் இருக்கும் காமாயிஷி நகரம். அதன் உனோசுமாய் பகுதியில் ஒரு நடுநிலைப் பள்ளியும் ஒரு தொடக்கப் பள்ளியும் அடுத்தடுத்து இருந்தன. பூமி குலுங்கியதும் மின்சாரம் போனது. பள்ளி ஒலிபெருக்கியில் அறிவிப்புச் செய்யவும் வழியில்லாமல் போனது.

நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகள் அறிவிப்புக்குக் காத்திருக்கவில்லை. மைதானத்தில் வரிசை கட்டித் தலை எண்ணவும் நிற்கவில்லை. மேட்டை நோக்கி ஓடினார்கள். பக்கத்துத் தொடக்கப் பள்ளியில் சின்னப் பிள்ளைகளை மூன்றாம் மாடிக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அண்ணன்களும் அக்காக்களும் ஓடுவதைப் பார்த்ததும் அவர்களும் இறங்கிப் பின்னால் ஓடினார்கள்.

முதலில் போய்ச் சேர்ந்தது முன்பே குறித்து வைத்திருந்த ஒரு முதியோர் பராமரிப்பு இல்லம். அங்கே கட்டடத்துக்குப் பின்னால் பாறைச் சரிவு பெயர்ந்து விழுந்திருந்தது. இந்த இடம் போதாது என்று முடிவாயிற்று. பெரிய பிள்ளைகள் சின்னவர்களின் கையைப் பிடித்துக்கொண்டு இன்னும் மேலே போனார்கள். வழியில் மழலையர் காப்பகக் குழந்தைகளை ஏற்றிய தள்ளுவண்டிகளுக்கும் கை கொடுத்தார்கள். இரண்டாவது இடத்தில் நின்று திரும்பிப் பார்த்தபோது கீழே ஊரை அலை விழுங்கிக்கொண்டிருந்தது. அங்கிருந்தும் ஓடினார்கள்.

ஏறத்தாழ 570 பிள்ளைகள் பிழைத்தார்கள். தண்ணீர் வடிந்த பிறகு பார்த்தால், அவர்கள் விட்டுவந்த தொடக்கப் பள்ளியின் மூன்றாம் மாடியில் ஒரு கார் செருகி நின்றது. சின்னப் பிள்ளைகளை ஏற்றத் தொடங்கிய அதே மாடி.

காமாயிஷி நகரில் அன்று இறந்தவர்களும் காணாமல்போனவர்களும் ஆயிரத்துக்கும் மேல். ஆனால் நகரின் ஏறத்தாழ 3,000 பள்ளிப் பிள்ளைகளில் ஐந்து பேர் தவிர எல்லோரும் உயிரோடு இருந்தார்கள். அந்த ஐவரும் அன்று பள்ளிக்கு வராதவர்கள், அல்லது பள்ளியை விட்டுக் கிளம்பிவிட்டவர்கள். ஜப்பானியப் பத்திரிகைகள் இதை 'காமாயிஷி அற்புதம்' என்றன. நகர நிர்வாகம் பின்னாளில் அந்தச் சொல்லைக் கைவிட்டு, 'காமாயிஷி நிகழ்வு' என்றே சொல்லத் தொடங்கியது. ஏன் என்று பார்த்தால், பேரிடர் ஆபத்தைக் குறைப்பதில் இளையவர்களுக்கும், ஊராருக்கும், சட்டம் இயற்றுபவர்களுக்கும் என்ன பங்கு என்பது புரிந்துவிடும்.

பிள்ளைகளுக்கு யார் சொல்லிக் கொடுத்தது?

அந்தக் கரைக்குச் சுனாமி புதிதல்ல. 1896இல் ஏறத்தாழ 22,000 பேரையும், 1933இல் ஏறத்தாழ 3,000 பேரையும் அலை கொண்டுபோனது. அதன் பிறகு தடுப்புச் சுவர்கள் எழுந்தன. காமாயிஷி விரிகுடாவில் 63 மீட்டர் ஆழத்திலிருந்து எழுப்பிய அலைதடுப்புச் சுவர் 2009இல் முடிந்தது. உலகிலேயே ஆழமானது என்று கின்னஸ் பதிவும் வாங்கியது. சுவர் உயர உயர, ஓட வேண்டும் என்ற எண்ணம் மழுங்கியது. எச்சரிக்கை வந்தாலும் வீட்டை விட்டு அசையாதவர்கள் பெருகினார்கள்.

குன்மா பல்கலைக்கழகப் பேராசிரியர் தோஷிதகா கதாதா 2004 முதல் அந்நகரப் பள்ளிகளோடு சேர்ந்து வேலை செய்தார். பெரியவர்களுக்குக் கூட்டம் போட்டால், ஏற்கெனவே அக்கறை உள்ளவர்கள்தான் வருவார்கள். பிள்ளைகளுக்குச் சொன்னால் பத்து வருடத்தில் அவர்கள் பெரியவர்கள். இன்னொரு பத்து வருடத்தில் பெற்றோர். இதுதான் அவருடைய கணக்கு.

அவர் சொல்லிக்கொடுத்தது மூன்றே விதிகள். அபாய வரைபடத்தை நம்பி இருந்துவிடாதே. அந்த நேரத்தில் உன்னால் முடிந்த அளவு செய். முதலில் ஓடுகிறவனாக நீ இரு. மூன்றாவது விதிக்குள் மனித சுபாவம் பற்றிய ஒரு கண்டுபிடிப்பு இருக்கிறது. ஆபத்து நேரத்தில் ஒவ்வொருவரும் அடுத்தவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். ஒருவர் ஓடினால் கூட்டமே ஓடும். தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் மாடியிலிருந்து இறங்கியது இப்படித்தான்.

சுனாமி தனிப் பாடமாக வரவில்லை. அலையின் வேகம் கணக்குப் பாடத்தில் வந்தது. வீட்டில் யாரும் இல்லை, பத்திரமான இடத்துக்குப் போய்விட்டோம் என்று வாசலில் தொங்கவிடும் அட்டைகளை நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகளே வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். தேடி வருகிறவர் அந்த அட்டையைப் பார்த்தால் உள்ளே நுழைந்து நேரத்தைப் போக்க மாட்டார்.

அவர் வகுப்பில் கேட்ட கேள்விகளில் ஒன்று கனமானது. நீ பள்ளியில் இருக்கும்போது சுனாமி வந்தால் அம்மா என்ன செய்வார்? 'என்னைத் தேடி வருவார்' என்பதுதான் பிள்ளைகளின் பதில். அப்படி வந்தால் அம்மாவுக்கு என்ன ஆகும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். அதனால் வீட்டுக்குப் போய், 'நான் கட்டாயம் ஓடிவிடுவேன், நீங்களும் ஓடிவிடுங்கள்' என்று பெற்றோர் நம்பும்வரை சொல்லச் சொன்னார். அந்தக் கரையில் இதற்கு 'தெந்தென்கோ' என்று ஒரு சொல் உண்டு. அவரவர் பாட்டுக்கு ஓடு என்று பொருள். கேட்க இரக்கமில்லாததுபோல் இருக்கும். உண்மையில், வீட்டில் ஒருவர்மேல் ஒருவருக்கு நம்பிக்கை இருந்தால்தான் அது நடக்கும்.

அதே நாளில், இன்னொரு பள்ளியில்

அதே கரையில், தெற்கே இஷினோமாகி நகரில், கிதாகமி ஆற்றங்கரையில் ஒகாவா தொடக்கப் பள்ளி. கடலிலிருந்து ஏறத்தாழ 4 கிலோமீட்டர் உள்ளே. உனோசுமாய்ப் பள்ளிகளைப் போலவே இதுவும் அபாய வரைபடத்தில் வெள்ளம் வராத பகுதி.

நிலநடுக்கம் முடிந்ததும் பிள்ளைகள் மைதானத்துக்கு வந்தார்கள். அங்கேயே ஏறத்தாழ 50 நிமிடம் இருந்தார்கள். எங்கே போவது என்று பெரியவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். பள்ளிக்குப் பின்னாலேயே மலைச்சரிவு இருந்தது; பாடத்தின் பகுதியாகப் பிள்ளைகள் அங்கே ஏறிக் காளான் வளர்த்ததும் உண்டு. கடைசியில் கிளம்பியபோது போனது ஆற்றுப் பாலத்தருகே இருந்த சற்றே மேடான இடத்தை நோக்கி. அலை ஆற்றோடு ஏறி வந்தது. பள்ளியின் 108 பிள்ளைகளில் 74 பேரும், அங்கிருந்த 11 ஆசிரியர்களில் 10 பேரும் போய்விட்டார்கள்.

அந்த ஆசிரியர்கள் கோழைகளோ பொறுப்பற்றவர்களோ அல்லர். அவர்கள் கையில் இருந்த பள்ளியின் பேரிடர்க் கையேட்டில் சுனாமி வந்தால் போக வேண்டிய இடமாக, 'அருகிலுள்ள காலி மனை, பூங்கா முதலியவை' என்று எழுதியிருந்தது. அந்தப் பள்ளியின் அருகில் அப்படி ஒரு பூங்காவே கிடையாது. எழுதியவர் யாரும் அந்த வழியில் ஒருமுறை நடந்து பார்த்ததாகத் தெரியவில்லை. நடந்து பார்த்திருந்தால் அந்த வரி அன்றைக்கே அடிபட்டுப் போயிருக்கும்.

ஒத்திகையே தவறாக இருந்தால்?

ஒத்திகை நடத்தினால் போதும் என்று நினைப்பவர்கள் மறுபடி உனோசுமாய்க்கு வர வேண்டும். பிள்ளைகள் ஓடித் தப்பிய அதே பகுதியில் 2010இல் திறந்த இரண்டு மாடிக் கட்டடம் ஒன்று இருந்தது. பெயர், பேரிடர்த் தடுப்பு மையம். அலை வடிந்த பிறகு தங்குவதற்குத்தான் அது. அலை வரும்போது ஓடி ஏற வேண்டிய இடங்கள் மேட்டில் தனியாகக் குறிக்கப்பட்டிருந்தன.

மேடு செங்குத்தானது, முதியவர்களால் ஏற முடியவில்லை. ஒத்திகைக்கு ஆள் சேரவில்லை. ஊருக்குள் இருக்கும் மையத்துக்கே வரச் சொன்னால் கூட்டம் வரும் என்று அங்கேயே ஒத்திகை நடத்தினார்கள். 1933 சுனாமியின் நினைவு நாளான மார்ச் 3 அன்றும், அதாவது எட்டு நாட்களுக்கு முன்பும், அங்கேதான் கூடினார்கள். உண்மையான நாளில் கால் பழகிய இடத்துக்கே போனது. அந்தக் கட்டடத்தில் 160க்கும் மேற்பட்டோர் இறந்திருப்பார்கள் என்பது மதிப்பீடு.

நல்ல மனத்தோடு செய்த ஒரு சிறு சமரசம் அது. முதியவர்களுக்கு எட்டாத மேட்டைப் பற்றிக் கேள்வி எழுந்தபோது, மேட்டுக்குப் படிக்கட்டும் கைப்பிடியும் போடுவது ஒரு வழி. ஒத்திகை இடத்தைக் கீழே இறக்குவது இன்னொரு வழி. முதலாவதற்குப் பணமும் நகரமன்றத்தின் கவனமும் வேண்டும். ஊர் மட்டும் தனியாகச் செய்துவிட முடியாத வேலை அது. அந்த மையம் இருந்த இடத்தில் இப்போது நினைவுப் பூங்கா இருக்கிறது. அங்கே நகர மக்களின் உறுதிமொழியாக எழுதி வைத்திருப்பவை நான்கு: ஆயத்தமாக இரு, ஓடு, திரும்பிப் போகாதே, அடுத்த தலைமுறைக்குச் சொல்.

சட்டம் எங்கே வருகிறது?

ஜப்பானின் பேரிடர்ச் சட்டங்கள் பெரும்பாலும் ஒரு பேரழிவின் மறுநாள் பிறந்தவை. 1959இல் இசே விரிகுடாப் புயலில் இறந்தவர்களும் காணாமல்போனவர்களும் ஏறத்தாழ 5,000 பேர்; 1961இல் பேரிடர் எதிர்நடவடிக்கை அடிப்படைச் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தின் திட்டம் மேலிருந்து கீழே வருவது: மத்திய அரசு, மாகாணம், நகராட்சி. 2011க்குப் பிறகு அதில் ஓர் ஓட்டை தெரிந்தது. நகராட்சியே அலையில் போய்விட்டால் தெருவுக்கு யார் வழி சொல்வது? 2013இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, ஒரு தெருக்காரர்களோ ஒரு குடியிருப்புக்காரர்களோ தங்கள் வட்டாரத்துக்குத் தாங்களே பேரிடர்த் திட்டம் எழுதி, அதை நகராட்சியின் திட்டத்தில் சேர்க்கும்படி முன்மொழிய வழி செய்தது.

நீதிமன்றம் இன்னொரு கதவைத் திறந்தது. ஒகாவாவில் 23 பிள்ளைகளின் குடும்பத்தார் வழக்குத் தொடுத்தார்கள். அன்றைய 50 நிமிடத்தைத் தாண்டி, அதற்கு முந்தைய ஆண்டுகளைச் செண்டாய் உயர் நீதிமன்றம் பார்த்தது. பள்ளிகள் அபாயக் கையேடு வைத்திருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அந்தக் கையேடு தங்கள் நிலத்துக்குப் பொருந்துகிறதா என்று பார்த்துத் திருத்துவது பள்ளியின் கடமை, திருத்தாததைக் கவனிப்பது கல்வி வாரியத்தின் கடமை என்றது 2018 தீர்ப்பு. 143 கோடி யென்னுக்கும் மேல் இழப்பீடு. 2019இல் உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டை ஏற்க மறுத்தது. அதிலிருந்து, கோப்பில் கிடக்கும் கையேடு வெறும் காகிதம் இல்லை. யாரோ ஒருவர் பொறுப்பேற்க வேண்டிய ஆவணம்.

2015 மார்ச்சில் ஐ.நா. உறுப்பு நாடுகள் கூடி, 2030 வரைக்கான பேரிடர் ஆபத்துக் குறைப்புச் செயல்திட்டத்தை ஏற்றது இதே கரைப்பகுதியின் செண்டாய் நகரில். சிறுவர்களையும் இளையவர்களையும் மாற்றத்தை உண்டாக்குபவர்கள் என்று அந்த ஆவணம் குறிப்பிடுகிறது. சட்டக் கட்டமைப்பை வலுப்படுத்துவதில் நாடாளுமன்ற உறுப்பினர்களின் பங்கையும் சொல்கிறது. சட்டம் இயற்றுபவர் வெள்ளத்தில் படகோட்டி வர வேண்டியதில்லை. வெயில் காயும் நாளில் நிதி ஒதுக்கி, கடந்த ஆண்டு நடந்த ஒத்திகையின் குறைகள் என்ன என்று அவையில் கேட்டால் போதும்.

நம் கரையில்

2004 டிசம்பர் 26 வரை தமிழ்நாட்டுக் கரையில் பெரும்பாலோருக்குச் சுனாமி என்ற சொல்லே தெரியாது. அன்று காலை புதுச்சேரியின் நல்லவாடு மீனவ ஊரைச் சேர்ந்த ஓர் இளைஞர் சிங்கப்பூரில் தொலைக்காட்சிச் செய்தியைப் பார்த்துவிட்டு ஊருக்குத் தொலைபேசியில் கூப்பிட்டுச் சொன்னார். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அந்த ஊரில் நிறுவிய தகவல் மையத்தில் ஒலிபெருக்கி இருந்தது. அலை உயரம், வானிலை, மீன் விலை எல்லாம் அதில் சொல்வது வழக்கம். மையம் பூட்டியிருந்தது. ஊரார் கதவை உடைத்து உள்ளே போய், எல்லோரும் ஊரை விட்டுக் கிளம்புங்கள் என்று அறிவித்தார்கள். நாள்தோறும் கேட்டுப் பழகிய குரல் என்பதால் சனம் நம்பிக் கிளம்பியது, உயிர் பிழைத்தது.

அடுத்த ஆண்டே, 2005இல், இந்திய நாடாளுமன்றம் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தை இயற்றியது. அதன்படி ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஓர் ஆணையம் உண்டு. ஆட்சியர் அதன் தலைவர். உள்ளாட்சியில் தேர்ந்தெடுக்கப்பட்டவர் இணைத் தலைவர். மாவட்டத் திட்டத்தை ஆண்டுதோறும் மீளாய்வு செய்ய வேண்டும். ஆக, கேள்வி கேட்பதற்கான இடம் சட்டத்திலேயே இருக்கிறது. கிராம சபையும் இருக்கிறது. அங்கே குடிநீரும் தெருவிளக்கும் வருகிற வரிசையில் இதுவும் வரலாம்.

கேட்க வேண்டியவை பெரிய கேள்விகள் அல்ல. வெள்ளம் வந்தால் நம் ஊர் எந்த வழியாக எந்த மேட்டுக்குப் போக வேண்டும்? அந்த வழியில் கடைசியாக நடந்து பார்த்தது யார், எப்போது? நடக்க முடியாதவர்களைத் தூக்கிப் போவது எந்தப் பிள்ளைகள்? முதல் இரண்டுக்கும் பதில் எழுதப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஒரு நோட்டைக் கொடுத்து ஊரைச் சுற்றி வரச் சொன்னாலே போதும். மூன்றாவதற்கு அவர்களே பெயர் கொடுப்பார்கள்.

நான்காவதாக ஒன்றையும் கேட்டுவிடலாம். கடற்கரை ஊர்களில் பல்நோக்குப் புயல் பாதுகாப்பு மையங்கள் எழுந்திருக்கின்றன. உங்கள் ஊர் மையத்தின் சாவி இன்று ராத்திரி யாரிடம் இருக்கிறது?