வீடியோத் தொழிலில் நேரமும் விலையும்

கல்லூரி மலருக்கு ஒரு கட்டுரை தரவேண்டுமென்று மலர்க்குழுவினர் கேட்டபொழுது, வைத்தியரும் பொறியியலாளரும் வழக்கறிஞரும் எழுதும் ஏட்டிலே கலியாண வீட்டிற் கமரா தூக்கும் ஒருவனுக்கு என்ன அலுவல் என்றே முதலில் எண்ணினேன். ஆயினும், நம் கல்லூரியை விட்டு வெளியேறிய இளைஞர் சிலர் இன்று இத்தொழிலிலே தனித்து நின்று உழைக்கின்றனர். கமராவைக் கையாளும் வகையை அவர்கள் என்னிலும் நன்கு அறிவர். யூடியூப்பிலே அதனைக் கற்பிப்போர் எண்ணிறந்தோர். தம் உழைப்புக்கு விலை சொல்லும் வகையையோ அவர்களுக்கு ஒருவரும் சொல்லிக் கொடுப்பதில்லை. எனக்கும் சொல்லிக் கொடுத்திலர். அதனால் வந்த நட்டம் என்னோடு நின்றிருந்தால் இதனை எழுத முன்வந்திரேன்.

2023 ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் ஒரு பொன்னுருக்கல் நிகழ்ச்சியைப் படம் பிடித்தேன். மணமகனுடைய பாட்டனார், நடக்க இயலாதவர், கதிரையில் இருத்தித் தூக்கி வரப்பட்டு, பொற்காசைத் தம் கையாலே எடுத்துப் பொற்கொல்லரிடம் கொடுத்தார். அன்றிரவு அப்படத்தை ஒரு வன்தட்டில் ஏற்றிவிட்டு, மறுநாள் வேறொரு வீட்டு வேலைக்காகக் கமராவின் நினைவக அட்டையை அழித்தேன். இரண்டாவது பிரதி எடுக்கவில்லை. மூன்றாம் வாரத்தில் அந்த வன்தட்டுப் பழுதாயிற்று. கலியாண நாட் படம் வேறொரு தட்டில் இருந்தமையாற் பிழைத்தது, பொன்னுருக்கல் போயிற்று. அம்முதியவர் ஆடியிற் காலமானார். வீட்டார் என்னிடம் வந்து, காசைக் கொடுக்கும் அந்த ஒரு காட்சியை மட்டுமாவது தரமுடியுமா என்று கேட்டனர். நடந்ததைச் சொன்னேன். அவர்கள் என்னைக் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை.

இரண்டாவது பிரதி ஏன் எடுக்கவில்லை? அதன் அவசியத்தை அறியாதவனல்லேன். மூன்று பிரதிகள் இருத்தல் வேண்டும், அவை இருவகைச் சாதனங்களில் இருத்தல் வேண்டும், ஒன்று வேறிடத்தில் இருத்தல் வேண்டும் என்பது இத்தொழிலின் பாலபாடம். ஆனால் மற்றொரு வன்தட்டு வாங்கக் கையிற் காசில்லை; பிரதி எடுக்கும் வரை காத்திருக்க நேரமுமில்லை. நான் கேட்ட விலையில் அவை இரண்டுக்கும் இடமிருக்கவில்லை. குறைந்த விலைக்கு வேலை செய்வது பெருந்தன்மை என்றே அதுவரை நினைத்திருந்தேன்.

அவ்வாரமே ஓர் அப்பியாசக் கொப்பி வாங்கினேன். திகதி, யாருடைய வேலை, என்ன வேலை, தொடங்கிய நேரம், விட்ட நேரம் என்று ஐந்து நிரல்கள் இட்டேன். கால் மணித்தியாலத்தைச் சிற்றலகாகக் கொண்டேன். வேலையைத் தொடங்கும்போதே எழுதுதல் வேண்டும். மாலையில் நினைந்து எழுதுவதிற் பயனில்லை. விரும்பிச் செய்த வேலை நினைவிற் குறுகி நிற்கும். வெறுத்துச் செய்தது நீண்டு நிற்கும். தொலைபேசியிற் பேசிய பத்து நிமிடமோ நினைவிலேயே நிற்பதில்லை. இப்பொழுது இதற்கென்றே கைப்பேசியிற் செயலிகள் உள்ளன. அவற்றை விரும்புவோர் வைத்துக்கொள்ளலாம். எனக்குக் கொப்பி போதும். கணினிக்கருகில் அது விரிந்து கிடப்பதே ஒரு கண்டிப்பாகும்.

அடுத்த தை மாதத்தில் நடந்த ஒரு கலியாணத்தின் கணக்கை அக்கொப்பியிலிருந்து தருகிறேன். எண்களை எளிமை கருதி முழுமையாக்கியுள்ளேன். வீட்டாரைச் சந்தித்ததும் தொலைபேசியிற் பேசியதும் 3 மணித்தியாலம். கருவிகளை ஆயத்தஞ் செய்தது 2. பொன்னுருக்கல் 3. கலியாண நாள், மணமகன் தோய வார்ப்பதிலிருந்து ஆரத்தி வரை 11. போக்குவரவு 2. பிரதி எடுத்தல் 2. எடுத்த படம் முழுவதையும் பார்த்துத் தெரிதல் 9. தொகுத்தல் 18. ஒலியும் நிறமும் சீர்செய்தல் 7. வீட்டார் சொன்ன திருத்தங்கள் 6. கொண்டுபோய்க் கொடுத்தலும் மிகுதிப் பணத்திற்கு அலைதலும் 2. ஆக 65 மணித்தியாலம்.

பார்த்துத் தெரிவதற்கு 9 மணித்தியாலமா என்று ஐயுறுவோர்க்கு ஒரு வார்த்தை. இரண்டு கமராக்கள் ஆறாறு மணித்தியாலம் ஓடினால் 12 மணித்தியாலப் படம் சேரும். அதிற் சிலவற்றை விரைந்து ஓட்டினாலும் எஞ்சியதை ஓடவிட்டே பார்த்தல் வேண்டும். தாலி கட்டும் கணத்திலே எந்தக் கமராவின் முன்னே யாருடைய தலை வந்தது என்பதைக் கண்ணன்றி வேறெதுவும் சொல்லாது. விநாடிக்கு 100 மெகாபிட் என்ற அளவிற் பதியும் கமரா மணித்தியாலத்துக்கு 45 கிகாபைட் நிரப்பும். 12 மணித்தியாலத்திற்கு 540 கிகாபைட். மூன்று பிரதிக்கு ஒன்றரை டெராபைட்டுக்கும் அதிகம்.

அக்கலியாணத்துக்கு நான் பேசிய விலை ரூபா 90,000. இரண்டாவது கமராக்காரருக்கும் எரிபொருளுக்கும் பென்டிரைவுக்கும் ரூபா 20,000 போனது. எஞ்சியது 70,000. இத்தொகையைக் கமராவோடு நின்ற 14 மணித்தியாலத்தால் வகுத்து, மணித்தியாலம் ரூபா 5,000 உழைக்கிறேன் என்று அதுவரை மனத்துள் மகிழ்ந்திருந்தவன் நான். 65 ஆல் வகுத்தபோது ரூபா 1,077 வந்தது.

இது போதுமா, போதாதா? அதற்கு மற்றொரு கணக்கு வேண்டும். கமராக்கள், வில்லைகள், ஒலிவாங்கிகள், விளக்குகள், கணினி ஆகியவற்றை இன்று புதிதாக வாங்கினால் 18 இலட்சம் ரூபா ஆகும் என்று கொள்வோம். நான்கு ஆண்டிற் பயன் தீரும் எனின், ஆண்டுக்கு நான்கரை இலட்சம். வாடகை, மின்சாரம், இணையம், பழுதுபார்த்தல், வன்தட்டுகள் முதலியன ஆண்டுக்கு மேலும் நான்கரை இலட்சம். குடும்பச் செலவு மாதம் ரூபா 125,000 வீதம் 15 இலட்சம். ஆக 24 இலட்சம். நம் வணிகபாட ஆசிரியர் கரும்பலகையில் எழுதிய 'பெறுமானத் தேய்வு', 'மேந்தலைச் செலவு' என்னும் சொற்கள் பரீட்சைக்கு மட்டுமே உரியன அல்ல என்பதை நாற்பது வயதின் பின்னரே உணர்ந்தேன்.

இங்கே ஒரு குறிப்பு. தேய்வைக் கணக்கிடும்போது வாங்கிய விலையைக் கொள்ளலாகாது. மறுபடி வாங்கும் விலையைக் கொள்ளல் வேண்டும். 2022 பங்குனித் தொடக்கத்தில் ஏறத்தாழ ரூபா 200 ஆக இருந்த அமெரிக்க டொலர், வைகாசியில் ரூபா 360 அளவிற்கு ஏறியது. பழைய விலைப்படி காசு சேர்த்து வைத்தவர்களுக்கும் அன்று பாதிக் கமராவே கிடைத்திருக்கும். நான் சேர்த்து வைத்தவனுமல்லேன்.

இனி 24 இலட்சத்தை எத்தனை மணித்தியாலத்தாற் பிரிப்பது? வாரம் 45 மணித்தியாலம், ஆண்டுக்கு 48 வாரம் எனின் 2,160 வரும். அத்தனையும் கூலி தரும் நேரமன்று. கைகூடாத விசாரணைகள், கருவி துடைத்தல், புதியது கற்றல், கணக்கெழுதல், மின்சாரத்துக்குக் காத்திருத்தல் ஆகியவற்றுக்கு யாரும் காசு தருவதில்லை. 2022 பங்குனி இறுதியில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் நின்றபோது, அது வரும் சாமத்தில் எழுந்திருந்து தொகுத்தோம். என் கொப்பிப்படி கூலி தரும் நேரம் 1,200 மணித்தியாலமே. சோம்பலோ என்று முதலில் வெட்கினேன். பின்னர், அமெரிக்க வழக்கறிஞர் சங்கம் 1958 இல் வெளியிட்ட சிறு நூலொன்றைப் பற்றி அறிந்தேன். நேரக் குறிப்பு வைத்திருக்கும் வழக்கறிஞரே கூடுதலாக உழைக்கிறார் என்று சொல்லி, அவ்வழக்கத்தைத் தன் உறுப்பினரிடையே பரப்ப எழுந்தது அந்நூல். அதுவும் ஓராண்டிற் கட்டணம் பெறத்தக்க நேரம் ஏறத்தாழ 1,300 மணித்தியாலமே என்கின்றது. நம் பழைய மாணவருள் வழக்கறிஞராய் உள்ளோர் இதுபற்றி என்ன சொல்வர் என்று அறிய ஆவல்.

24 இலட்சத்தை 1,200 ஆல் வகுத்தால் மணித்தியாலத்துக்கு ரூபா 2,000. எனக்குக் கிடைத்தது 1,077. அப்படியாயின் குடும்பம் எவ்வாறு நடந்தது? இதுவே என்னை நெடுநாள் மயக்கிய கேள்வி. அக்காலத்தில் ஆண்டுக்கு 30 கலியாணம் எடுத்தேன். முப்பதை 65 ஆற் பெருக்கினால் 1,950 மணித்தியாலம். எனவே, கூலியற்ற வேலைகளுக்கு உரிய நேரத்தை நித்திரையிலிருந்தும் பிள்ளைகளிடமிருந்தும் எடுத்தேன். பிரதி எடுக்கும் நேரமும் அவ்வழியே போயிற்று. முப்பதை 70,000 ஆற் பெருக்கினால் 21 இலட்சம். வேண்டியதோ 24. குறைந்த 3 இலட்சத்தை ஒருவரும் வந்து கேட்கவில்லை. ஏனெனில் அது கமராவின் தேய்வுக்காக ஒதுக்கியிருக்கவேண்டிய காசு. கமரா வாய்பேசாது. வன்தட்டும் பழுதாகும் நாள்வரை பேசாது.

இனி விலை சொல்லும் முறை. மணித்தியாலக் கணக்கு நம் உள்வீட்டுக் கணக்காகவே இருத்தல் நன்று என்பது என் துணிபு. வீட்டாரிடம் 'மணித்தியாலத்துக்கு இவ்வளவு' என்று சொன்னால், முடிவில் எவ்வளவு வருமோ என்று அஞ்சுவர், அஞ்சுவது நியாயமே. அன்றியும், கைதேர்ந்து விரைவாகச் செய்பவனுக்குக் குறைவாகவும் தடுமாறுபவனுக்குக் கூடுதலாகவும் கூலி கிடைக்கும். ஆகையால் 65 மணித்தியாலத்துக்கு ரூபா 130,000, வெளிச்செலவு 20,000, மொத்தம் 150,000 என்று முழுவிலையாகவே சொல்லுகிறேன். ஆனால் என்னென்ன வேலை செய்யப்படும் என்பதை மதிப்பீட்டுத்தாளில் வரிவரியாக எழுதிவிடுகிறேன்.

திருத்தங்களுக்குத் தனி வரி இன்றியமையாதது. இக்காலத்திற் கலியாண வீடு யாழ்ப்பாணத்தில் மட்டும் இருப்பதில்லை. ரொறன்ரோவிலிருந்து ஒரு மாமி, இலண்டனிலிருந்து ஒரு சித்தப்பா, மெல்பேணிலிருந்து தோழன் என்று ஆளுக்கொரு வாட்ஸ்அப் செய்தி அனுப்புவர். ஒருவர் நீக்கச் சொன்ன காட்சியை மற்றவர் நீட்டச் சொல்வர். சினிமாப் பாட்டு வேண்டுமென்று பிடிவாதமாக நின்றவர்களே, அதை யூடியூப்பில் ஏற்றியபின் பதிப்புரிமை காரணமாகத் தடுக்கப்பட்டதென்று திரும்பி வருவர். பாட்டை மாற்றினால் அதன் தாளத்துக்கு வெட்டிய காட்சிகள் அனைத்தையும் மாற்றவேண்டும்; ஒருமுறை அதற்கு மட்டும் 3 மணித்தியாலம் சென்றது. இப்பொழுது இருமுறை திருத்தம் விலையுள் அடங்கும். வீட்டார் சார்பில் ஒருவரே பேசுதல் வேண்டும். அதற்கு மேற்பட்டது மணித்தியாலம் ரூபா 2,000 என்று எழுதுகிறேன். எழுதிய நாள்முதல் மூன்றாம் முறைத் திருத்தம் கேட்டவர் இருவரே.

முற்பணமும் அவ்வாறே. ஆடியிலும் மார்கழியிலும் நமக்குக் கலியாணம் இல்லை. மற்றை மாதங்களிலும் நன்முகூர்த்தங்கள் சிலவே. ஒரு வீட்டுக்கு நாள் கொடுத்தால் அதே முகூர்த்தத்தில் வரும் மற்ற வீடுகளை மறுத்தாகவேண்டும். ஆகவே மூன்றிலொரு பங்கு பெற்றபின்னரே நாட்குறிப்பிற் பெயர் எழுதுவேன். உறவினர்க்கும் இதுவே விதி. உறவினர்க்குக் குறைக்க விரும்பினால் முழுவிலையை எழுதி, அதன் கீழே கழிவையும் எழுதிக் கொடுத்தல் நன்று. எழுதாத கழிவு அடுத்த கலியாணத்தில் விலையாகிவிடும்.

விலை உயர்ந்தமையாற் சிலர் வேறிடம் சென்றனர். அதை மறைப்பதற்கில்லை. கடந்த ஆண்டு 19 கலியாணமே எடுத்தேன். 1,200 மணித்தியாலத்தை 65 ஆல் வகுத்தால் வருவதும் அதற்கு அண்மையான எண்ணே. அதே விலையில் என்னிலும் நன்றாகச் செய்வோர் இருக்கலாம். அரைவிலைக்குச் செய்வோர் திண்ணமாக உள்ளனர். அவர்களோடு போட்டியிட்டு விலையைக் குறைக்கும் எண்ணம் வரும்போதெல்லாம், விலையைத் தொடாமல் வேலையைக் குறைத்துக் கொடுக்கிறேன்: இரண்டு கமராவுக்குப் பதிலாக ஒன்று, நீண்ட படத்துக்குப் பதிலாகச் சுருங்கிய படம். பிரதிகளுக்குரிய வரியை மட்டும் யார் கேட்டாலும் வெட்டுவதில்லை.

சென்ற ஆவணியில் ஒரு பெரியவர், தம் மகளின் கலியாணம் பேச வந்தவர், தாளைப் பார்த்துவிட்டு, "தம்பி, ஒரு நாள் வேலைக்கு இவ்வளவு காசோ?" என்று கேட்டார். முன்னாளில் இக்கேள்வி எழுந்த மாத்திரத்தே பத்தாயிரம் குறைத்திருப்பேன். "ஐயா, அந்த ஒரு நாளை இதிலே பாருங்கோ" என்று கொப்பியை அவரிடம் நீட்டினேன். அவர் ஓய்வுபெற்ற கந்தோர்க்காரர். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு பக்கங்களை நிரல் நிரலாகக் கூட்டிப் பார்த்தார். ஓரிடத்தில் கால் மணித்தியாலம் பிழையென்று காட்டினார், பிழைதான். பின்னர் என் பேனாவை வாங்கி, தாளில் ட்ரோனுக்கென்று தனியாக இருந்த ரூபா 25,000 என்ற வரியை வெட்டி, "மேலேயிருந்து பாக்க எங்கடை வீட்டிலை என்ன கிடக்கு?" என்று சொல்லி, முற்பணம் ரூபா 50,000 ஐ எண்ணி வைத்தார்.