கூடைக்கயிறும் கூந்தலும்

நுவரெலியாவில் தேங்காய் எண்ணெய்ப் போத்தலைக் கவிழ்த்தால் ஒன்றும் வடியாது. ஏறத்தாழ 24, 25 பாகை செல்சியசில் தேங்காய் எண்ணெய் உறைந்துவிடும். நுவரெலியாவின் ஆண்டுச் சராசரி வெப்பமோ 16 பாகையைச் சுற்றித்தான். அதனால் லயத்து வீடுகளில் எண்ணெய்ப் போத்தலுக்கு இடம் அடுப்பங்கரை. விடியற்காலையில் விறகு மூட்டியதும் போத்தலும் இளகும். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு ஓடுவதற்கு முன் ஒரு கை எண்ணெயைத் தலையில் வைத்து, வாரி இறுக்கிப் பின்னி, கொண்டை போட்டு, அதற்கு மேல் துண்டைக் கட்டிவிட்டால் கொழுந்து பறிக்கும் பெண் தயார். மலைக்கு ஏறியதும் துண்டுக்கு மேலே கூடைக்கயிறு ஏறிவிடும். பொழுது சாயும்வரை அது அங்கேதான்.

இந்தச் சில நிமிட வேலையில் முடியைக் காப்பதும் இருக்கிறது, முடியைக் கெடுப்பதும் இருக்கிறது. எது எது என்று பார்ப்பதற்கு முன் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். "முடி எலிவால் மாதிரி ஆகிப்போச்சு" என்று சலித்துக்கொள்ளாத பெண் தோட்டத்தில் குறைவு. ஆனால் முடி உதிர்வது வேறு, முடி உடைவது வேறு. சீப்பில் சிக்கிய ஒரு முடியை எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். ஒரு நுனியில் சின்னதாய் வெள்ளை முளை இருந்தால் அது வேரிலிருந்து உதிர்ந்தது. முளை இல்லாமல், நீளமும் குறைவாக இருந்தால் நடுவில் முறிந்தது. உதிர்வதன் காரணம் பெரும்பாலும் உடம்புக்குள் இருக்கும். முறிவதன் காரணம் பெரும்பாலும் வெளியில் இருக்கும். இரண்டுக்கும் ஒரே எண்ணெய் விற்பவரை நம்ப வேண்டாம்.

தலையில் ஏறக்குறைய ஒரு லட்சம் மயிர்க்கால்கள். ஒவ்வொன்றிலும் முடி இரண்டு முதல் ஆறு ஆண்டு வளரும், மாதம் சுமார் ஒரு சென்றிமீற்றர் வீதம். பிறகு சில வாரங்களில் வளர்ச்சி அடங்கி, மூன்று மாதம் சும்மா இருந்து விழும். அதே மயிர்க்காலிலிருந்து புது முடி கிளம்பும். இந்தக் கணக்கில் நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி விழுவது இயல்பு. வேலை நாளெல்லாம் பின்னலை அவிழ்க்காமல், ஞாயிற்றுக்கிழமை பீலியில் தலை முழுகும்போதுதான் அவிழ்க்கிறவர்களின் கையில் ஒரு வாரத்து முடி ஒன்றாய் வரும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை.

ஒரு முடி எவ்வளவு தடிமனாக இருக்கும் என்பது தோலுக்கு உள்ளேயே முடிவாகிவிடுகிறது. மயிர்க்கால் பெரிதாக இருந்தால் தடித்த முடி, சிறிதாக இருந்தால் மெல்லிய முடி. வெளியே வந்துவிட்ட முடி உயிரில்லாத கெரட்டின் புரதம். அதன்மேல் எதைத் தடவினாலும் அது தடிக்காது. கொஞ்ச நேரத்துக்குத் தடித்ததுபோலத் தெரியலாம், அவ்வளவே. மயிர்க்காலையே கொஞ்சம் பெரிதாக்க வல்லது என்று நிரூபிக்கப்பட்ட பூச்சு மருந்துகளில் முதன்மையானது மினொக்சிடில். உயர் இரத்த அழுத்தத்துக்கு மாத்திரையாகக் கொடுக்கப்பட்ட மருந்து அது. சாப்பிட்டவர்களுக்கு உடம்பெல்லாம் முடி வளரவே, 1988இல் அமெரிக்காவில் தலையில் பூசும் மருந்தாக அனுமதி பெற்றது. நிறுத்தினால் பலனும் போய்விடும். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் தொடக்கூடாது. ஃபார்மசியில் கேட்டு வாங்கிப் பூசிப் பார்க்கிற சரக்கில்லை.

இனி முறியும் முடி. அதைப் பற்றி நிறைய ஆராயப்பட்டிருப்பது ஆபிரிக்க வம்சாவளியினரின் முடியில். அவர்களுடைய முடியின் குறுக்குவெட்டு வட்டமாக இராமல் தட்டையான நீள்வட்டமாக இருக்கும். சுருண்டு சுருண்டு வளரும். ஒவ்வொரு வளைவும் முறிவதற்கு ஏற்ற இடம். தோலில் சுரக்கும் எண்ணெய் அந்த வளைவுகளைத் தாண்டி நுனிக்குப் போய்ச் சேருவதில்லை. வளர்ச்சியும் மெதுவானது, நாளொன்றுக்குச் சுமார் கால் மில்லிமீற்றர். இப்படிப்பட்ட முடியை இறுக்கி இழுத்துப் பின்னினால் என்ன ஆகும் என்பதைத் தென்னாபிரிக்காவில் தோல் மருத்துவர் நொன்லாந்லா குமாலோவின் குழு எண்ணிப் பார்த்தது. 2007இல் வெளியான முடிவுகளின்படி, ஆபிரிக்கப் பள்ளி மாணவிகளில் 17.1 சதவீதம் பேருக்கும், வளர்ந்த பெண்களில் 31.7 சதவீதம் பேருக்கும் இழுவையால் வந்த முடியிழப்பு இருந்தது. இந்த நோயை முதலில் விவரித்தவர் றுடோல்ஃப் ட்றெபிட்ஷ் என்ற ஆஸ்திரியர், 1907இல். அவர் அதைக் கண்டது கிறீன்லாந்தில், முடியை உச்சிக்கு இழுத்து இறுக்கிக் கட்டும் பெண்களிடம். ஆக, இது ஓர் இனத்தின் நோயன்று. எந்தத் தலையானாலும் நாள் தவறாமல் இழுத்தால் வரும்.

நம்முடைய தலைக்கயிற்றுக்கு இன்னும் நெருங்கிய உறவு கென்யாவில் இருக்கிறது. 1986இல் 'நேச்சர்' இதழில் மாலோய் என்பவரும் சகாக்களும் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை ஒன்று, ஆபிரிக்கப் பெண்கள் தங்கள் உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரை கூடுதல் சக்தி செலவாகாமலே சுமக்கிறார்கள் என்று காட்டியது. லுவோ பெண்கள் உச்சந்தலையில் வைத்துச் சுமப்பவர்கள். கிக்குயு பெண்கள் நெற்றியில் வார் போட்டு முதுகில் தொங்கவிடுபவர்கள். பல ஆண்டு அப்படிச் சுமந்ததில் மண்டையோட்டிலேயே பள்ளம் விழுந்துவிடுகிறது என்பதையும் அந்தக் கட்டுரை குறித்திருந்தது. உலகம் வியந்தது சுமக்கும் திறனைப் பார்த்து. எலும்பே பள்ளமாகும் இடத்தில் தோலும் முடியும் என்ன பாடுபடும் என்று யாரும் பெரிதாகக் கேட்டதாகத் தெரியவில்லை. அதே கிக்குயு நாட்டு லிமுறுவில்தான் 1903இல் கென்யாவின் முதல் தேயிலைச் செடி நடப்பட்டது.

நம் மலைக்கு வருவோம். ஒரு முழுப்பேர், அதாவது ஒரு நாளின் முழுச் சம்பளம், விழ 18 கிலோ கொழுந்து என்பது பல தோட்டங்களின் கணக்கு. நாளில் மூன்று நிறுவை என்று வைத்தால் ஒவ்வொரு தடவையும் ஆறு கிலோ. மழைநாளில் ஈரக் கொழுந்தோடு கூடையும் கனக்கும். 'தண்ணி' என்று கிலோவைக் கழிப்பது நிறுவைக்குத்தான், தலைக்கு இல்லை. இந்தக் கனம் கயிறு படும் இரண்டு விரல் அகலப் பட்டையில் இறங்குகிறது. குனிந்து நிமிரும்போதும், மட்டத்துக்கு மேலே கை நீட்டும்போதும், செங்குத்தான பாதையில் கால் வைக்கும்போதும் கயிறு முன்னும் பின்னும் நகரும். அமுக்கம், இழுவை, உராய்வு மூன்றும் ஒரே இடத்தில்.

அதோடு ஈரம். முடியின் மேற்புறம் கூரையில் ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கிய தகரம்போல நுண்ணிய செதில்களால் ஆனது. நனைந்தால் முடி தண்ணீரை உறிஞ்சி உப்பும், செதில் கிளம்பும், நனைந்த முடி அதிகம் நீளும், எளிதில் சேதப்படும். தென்மேற்குப் பருவமழை ஹற்றன், நோர்வூட், மஸ்கெலியா பக்கம் மாதக்கணக்கில் விடாது. கொங்காணி போட்டாலும் தலைத்துண்டு ஊறிவிடும். ஈரத் துண்டு, ஈர முடி, அதன்மேல் பாரமேறிய கயிறு. இதைவிட மோசமான சேர்க்கையை வேண்டுமென்று முயன்றாலும் உண்டாக்க முடியாது.

பல ஆண்டு கொழுந்து பறித்தவர் ஒருவர் துண்டை அவிழ்க்கும்போது கயிறு படுகிற இடத்தைக் கூர்ந்து பாருங்கள். முதலில் தெரிவது முடியில்லாமை அன்று, குட்டை முடி. அந்த வரியில் மட்டும் முறிந்த முடிகள் நட்டுக்கொண்டு நிற்கும். மயிர்க்காலைச் சுற்றிச் சிவப்பும் சின்னக் கொப்புளமும் இருந்தால் இழுவை இன்னும் நடந்துகொண்டிருக்கிறது என்று பொருள். இந்தக் கட்டத்தில் இழுவை நின்றால் முடி திரும்ப வரும். விட்டுவிட்டால் மயிர்க்கால் தழும்பாகி, தோல் வழுவழுப்பாகப் பளபளக்கும். பிறகு எந்த எண்ணெயும் மருந்தும் அங்கே முடியைக் கொண்டுவராது.

உடைவதற்குக் கயிறு காரணம் என்றால், உதிர்வதற்கு வேறு இரண்டு காரணங்களைச் சொல்ல வேண்டும். ஒன்று பிள்ளைப்பேறு. கர்ப்ப காலத்தில் விழ வேண்டிய முடிகூட விழாமல் நிற்கும். பேறு முடிந்ததும் அவையெல்லாம் ஒன்றாய் ஓய்வுக்குப் போய், இரண்டு முதல் நான்கு மாதத்தில் கொத்துக் கொத்தாய் விழும். அமெரிக்கத் தோல் மருத்துவர் அல்பர்ட் கிளிக்மன் 1961இல் இந்த வகை உதிர்வுக்குப் பெயரிட்டு விளக்கினார். கடும் காய்ச்சலுக்குப் பிறகும் இதே கதைதான். ஓராண்டுக்குள் பெரும்பாலும் சரியாகிவிடும். சங்கடம் என்னவென்றால், சட்டப்படி கிடைக்கும் பேறுகால விடுமுறை 12 வாரம். பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டு மலைக்குத் திரும்பும் அதே வாரங்களில்தான் உதிர்வும் உச்சத்துக்கு வருகிறது. தலை மிகவும் பலவீனமாக இருக்கும்போது கயிறும் திரும்ப ஏறுகிறது.

மற்றது இரும்புச்சத்து. 2016இல் நடந்த நாடளாவிய சுகாதாரக் கணக்கெடுப்பில் ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளில் வளர்ச்சி குன்றியவர்கள் இலங்கை முழுவதும் 17 சதவீதம், தோட்டப் புறத்தில் 32 சதவீதம். பிள்ளைகளின் தட்டு இப்படி என்றால், கடைசியில் சாப்பிடும் தாயின் தட்டைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. இரத்தச்சோகையில் உடம்பு இருக்கிற இரும்பை முக்கிய உறுப்புகளுக்குத்தான் முதலில் கொடுக்கும். முடி கடைசி வரிசையில். இரும்புக் குறைவு மட்டுமே முடியை எவ்வளவு உதிர்க்கும் என்பதில் ஆய்வாளர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. ஆனாலும் முடி உதிர்கிறது என்று வருபவரிடம் நல்ல மருத்துவர் முதலில் கேட்கும் பரிசோதனைகளில் இதுவும் ஒன்று.

இதில் கசப்பான ஒரு விஷயம் இருக்கிறது. கோதுமை மா ரொட்டி, தேங்காய்ச் சம்பல், கூடவே சுடச்சுடத் தேத்தண்ணி என்பதுதான் மலையில் காலைச் சாப்பாடு. தாவர உணவிலுள்ள இரும்பைத் தேயிலையின் பொலிஃபீனோல்கள் பிடித்து வைத்துக்கொள்ளும். 1975இல் தென்னாபிரிக்க ஆய்வாளர்கள் அளந்தபோது, பாணோடு தேநீர் குடித்தவர்களுக்கு உடம்பில் சேர்ந்த இரும்பு மூன்றில் ஒரு பங்காகக் குறைந்திருந்தது. உலகத்துக்கெல்லாம் தேயிலை கிள்ளித் தருகிற கையின் இரத்தத்திலிருந்து அதே தேயிலை இரும்பைத் தடுக்கிறது. குளிருக்குத் தேத்தண்ணி வேண்டாம் என்று யாராலும் சொல்ல முடியாது. சாப்பாட்டுக்கும் தேத்தண்ணிக்கும் நடுவே ஒரு மணித்தியாலம் விட்டால் போதும், இழப்பு வெகுவாகக் குறையும். சம்பலில் தேசிக்காய் கொஞ்சம் கூடப் பிழிந்தால் அதன் விற்றமின் சி இரும்பு சேர உதவும். கிளினிக்கில் கொடுக்கும் இரும்பு மாத்திரையையும் தேத்தண்ணியோடு விழுங்கக்கூடாது. கல்சியம் மாத்திரையோடு சேர்த்தும் போடக்கூடாது.

காலையில் வைக்கும் எண்ணெய்? அங்கே நம் ஆச்சிமார் பக்கம்தான் விஞ்ஞானமும் நிற்கிறது. 2003இல் மும்பையில் ஆர்த்தி றேலே, ஆர்.பி. மொஹிலே இருவரும் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் மூன்றையும் ஒப்பிட்டார்கள். கழுவுவதற்கு முன்னும் பின்னும் பூசியபோது முடியின் புரத இழப்பைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் ஒன்றே. அதிலுள்ள லோரிக் அமில மூலக்கூறு சிறியது, நேர்கோடானது. முடிக்குள் நுழைந்து தண்ணீர் புகுவதைக் குறைக்கும். அவர்கள் வேலை செய்தது தேங்காய் எண்ணெய் விற்கும் மரிக்கோ நிறுவனத்தின் ஆய்வகத்தில் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் முடிவு பிறகும் நின்றிருக்கிறது. மழையில் நனையப்போகும் தலைக்கு எண்ணெய் வைப்பது, முழுகுவதற்கு முதல்நாள் இரவு நுனிவரை எண்ணெய் தேய்ப்பது இரண்டும் சரியான வழக்கம். உடுப்புக் கழுவும் சவுக்காரத்தைத் தலைக்குப் போடுவதுதான் தவறு. அதன் காரம் செதிலைத் தூக்கிவிடும்.

செவ்வரத்தை இலையைப் பற்றியும் கேட்பார்கள். சென்னை ஆய்வாளர்கள் அதே 2003இல் எலிகளில் சோதித்து, பூவைவிட இலைச்சாறு முடி வளர்ச்சியைத் தூண்டியதாகக் கண்டார்கள். எலி எலிதான். தேய்ப்பதால் கேடில்லை, நம்பிக் காசைக் கொட்டுவதுதான் கேடு.

பின்னலைத் தளர்த்திப் போடலாம். கொண்டையைக் கயிறு படாத இடத்துக்கு மாற்றலாம். கயிற்றுக்குக் கீழே வைக்கும் துண்டை நாலாக மடித்து அகலமாக்கினால் அமுக்கம் பரவும்; ஒவ்வொரு நிறுவைக்குப் பிறகும் கயிற்றை ஒரு விரல் முன்னோ பின்னோ நகர்த்தினால் ஒரே வரி எப்போதும் அடிபடாது. ஈர முடியைச் சீப்பால் இழுக்காமல் முதலில் விரலால் சிக்கெடுக்க வேண்டும். காசில்லாத வழிகள் இவ்வளவே, இவற்றுக்கு எல்லையும் உண்டு.

ஏனென்றால் பாரம் தலையில் தொங்கும்வரை இழுவை நிற்காது. பாடசாலைப் பிள்ளையின் பைக்கு இரண்டு தோள்வார் இருக்கிறது. நூற்றைம்பது ஆண்டைத் தாண்டிய ஒரு தொழிலின் கூடைக்கு அது இன்னும் ஏன் வரவில்லை என்று தோட்டக் கம்பனிகளைக் கேட்க வேண்டும். சம்பளப் பேச்சுவார்த்தைக்குப் போகும் தொழிற்சங்கங்கள் தோள்வாரும் இடுப்புப் பட்டியும் வைத்த கூடையையும் கோரிக்கைப் பட்டியலில் சேர்க்க வேண்டும். அதுவரைக்கும், கயிற்று வரியில் குட்டை முடியோ கொப்புளமோ கண்டால் தாமதிக்காமல் தோட்ட டிஸ்பென்சரியில் சொல்லி, தோல் கிளினிக் உள்ள அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் பரிந்துரைத் துண்டு வாங்கிக்கொண்டு போங்கள். அங்கே பார்ப்பதற்குக் காசில்லை.