காய்க்காத மந்தாரை

ஹாங்காங் தீவின் மலைச்சரிவில் ஒரு பழைய தோட்டம் உண்டு. 1864ஆம் ஆண்டு மக்களுக்குத் திறந்துவிடப்பட்ட அதில் பின்னாளில் விலங்குகளும் இடம்பெறவே, 1975இல் ‘விலங்கியல் தாவரவியல் பூங்கா’ என்று பெயர் மாறிற்று. அங்கே சிறுவர் கூட்டம் குரங்குக் கூண்டை மொய்க்கும். நான் உங்களை அழைத்துச் செல்ல விரும்புவதோ ஒரு மந்தாரையின் நிழலுக்கு.

இலை குளம்புபோல் பிளந்தது. பூ செவ்வூதா நிறம். குளிர்காலம் முழுதும் பூக்கும். ஆனால் காய் பிடிப்பதில்லையென்றே சொல்லலாம். ஏன்? நம் நாட்டிலும் வளரும் இரு மந்தாரை வகைகளின் கலப்பு இது என்பதை 2005இல் வெளியான ஆய்வு உறுதிசெய்தது. கோவேறு கழுதைக்கு நேர்ந்ததே இதற்கும் நேர்ந்தது!

1880ஆம் ஆண்டையொட்டி, அத்தீவின் கடலோரத்தில் பிரெஞ்சுப் பாதிரிமார் இதனைக் கண்டு, கிளை நறுக்கி வளர்த்தனர். தாவரவியல் தோட்டமும் அதைப் பெற்றுப் பேணியது. 1908இல் கண்காணிப்பாளர் டன், ஆளுநராயிருந்த பிளேக்கின் பெயரை இதற்குச் சூட்டினார். 1965இல் நகரின் சின்னமாகி, 1997இல் கொடியிலும் ஏறியது. கொடியில் மட்டும் வெண்ணிறம்!

இன்று தெருத்தெருவாய் நிற்கும் இம்மரங்களெல்லாம் பதியத்தாலும் ஒட்டாலும் மனிதர் பெருக்கியவை. ஒரே மரத்தின் கிளைகள் என்பேன். ஆகவே, ஒன்றை வீழ்த்தும் நோய் மற்றவற்றையும் வீழ்த்தக்கூடும். தோட்டக்காரரின் கத்தி ஓய்ந்தாலோ, புதுக் கன்றே இல்லை.