ஸ்லாட் கார் கன்ட்ரோலரில் பிரேக்குக்கு ஒரு குமிழ்

ஒரு ஸ்லாட் காரைக் கவிழ்த்துப் பார்த்தால் பிரேக் என்று சொல்லும்படியான பாகம் எதுவும் கண்ணில் படாது. சின்ன மோட்டார், இரண்டு பல்சக்கரங்கள், பின் அச்சு, தடத்தின் பள்ளத்துக்குள் இறங்கி ஓடும் ஒரு நாக்கு, அதன் இருபுறமும் தண்டவாளத்தை உரசிக்கொண்டு போகும் செம்புப் பின்னல். அவ்வளவுதான். ஆனாலும் நேர்ப்பாதையின் முடிவில் விசையை விட்ட கணமே கார் வேகம் அடங்குகிறது. அந்தப் பிடி எங்கிருந்து வருகிறது என்று புரிந்துவிட்டால், அதைக் கூட்டவும் குறைக்கவும் வழி செய்வது சுலபம். கன்ட்ரோலரின் ஒரே ஒரு வயரை வெட்டி, நடுவில் ஒரு மின்தடை மாற்றியைச் சேர்த்தால் போதும். வேலை கெடுவது பெரும்பாலும் எத்தனை ஓம் வாங்குவது என்பதில்தான். அதனால் அந்த இடத்தில் கொஞ்சம் அதிக நேரம் நிற்கப்போகிறேன்.

இந்த விளையாட்டைப் பார்த்திராதவர்களுக்காகச் சில வரிகள். இங்கிலாந்தில் ஃபிரெட் ஃபிரான்சிஸ் என்பவர் 1957-இல் ஸ்கேலெக்ஸ்ட்ரிக் என்ற பெயரில் மின்சாரப் பந்தயக் கார்த் தொகுப்பை அறிமுகப்படுத்தினார். ஜெர்மனியில் கரேரா 1963-இல் வந்தது. வீட்டுத் தடங்களில் ஓடுபவை பெரும்பாலும் நிஜக் காரில் 32-இல் ஒரு பங்கு அளவுள்ளவை. 1960-களில் அமெரிக்காவில் கட்டணம் வாங்கிக்கொண்டு ஓட்டவிடும் பெரிய பந்தயக்கூடங்கள் பெருகியபோது, 24-இல் ஒரு பங்கு அளவுள்ள கார்களும் பரவின. எந்த அளவானாலும் ஓட்டுபவருக்குக் கையில் இருப்பது ஒரு விசை மட்டும்தான். ஸ்டீயரிங் கிடையாது. எங்கே விசையை அழுத்துவது, எங்கே விடுவது என்பதே முழு ஆட்டமும். ஆகவே விசையை விட்டபின் கார் எப்படி நடந்துகொள்கிறது என்பது சாதாரண விஷயம் அல்ல.

பிரேக்கின் ரகசியத்தை ஒரு பொம்மை மோட்டாரை வைத்தே பார்த்துவிடலாம். மோட்டாரை பேட்டரியில் ஓடவிட்டு, வயரை எடுத்துவிடுங்கள். கொஞ்ச நேரம் தானாகச் சுழன்று மெல்ல நிற்கும். மறுபடி ஓடவிட்டு வயரை எடுங்கள். இம்முறை, எடுத்த உடனே மோட்டாரின் இரு முனைகளையும் ஒரு கம்பித் துண்டால் இணைத்துவிடுங்கள். மோட்டார் சட்டென்று நிற்கும். நிரந்தரக் காந்தம் கொண்ட மோட்டார் சுழலும்போதெல்லாம் ஒரு ஜெனரேட்டராகவும் இருக்கிறது. முனைகள் திறந்து கிடந்தால் அதில் உண்டாகும் மின்னழுத்தத்துக்குப் போக்கிடம் இல்லை. முனைகளை இணைத்தால் மின்னோட்டம் எதிர்த்திசையில் பாய்கிறது. அந்த மின்னோட்டமே சுழற்சியை எதிர்த்து இழுக்கிறது. காரின் ஓட்ட ஆற்றல் கம்பிச்சுருளில் வெப்பமாகிறது. டீசல் ரயில் எஞ்சின்கள் சரிவில் இறங்கும்போது சக்கர மோட்டார்களை ஜெனரேட்டராக்கி, வரும் மின்சாரத்தைப் பெரிய மின்தடைகளில் எரித்து வேகத்தைக் கட்டுப்படுத்துவதும் இதே தத்துவத்தில்தான்.

இப்போது கன்ட்ரோலருக்குள் பார்ப்போம். பார்மா போன்ற கம்பெனிகளின் பழைய பாணி மின்தடைக் கன்ட்ரோலரில் மூன்று வயர்கள் இருக்கும். அமெரிக்க வழக்கப்படி வெள்ளை வயர் மின்சாரத்தைக் கொண்டுவருகிறது. கறுப்பு வயர் அதைத் தடத்தின் ஒரு தண்டவாளத்துக்கு அனுப்புகிறது. சிவப்பு வயர் மற்றத் தண்டவாளத்துக்குப் போகிறது. அதுதான் பிரேக் வயர். விசையை அழுத்தும்போது அதோடு இணைந்த தொடுகை, மின்தடைச் சுருளின் மேல் நகர்ந்து காருக்குப் போகும் மின்சாரத்தைக் கூட்டுகிறது. விசையை முழுக்க விட்டதும் அதே தொடுகை பின்னால் உள்ள ஒரு சிறு உலோகப் பொத்தானில் போய் அமர்கிறது. அந்தக் கணத்தில் கறுப்பும் சிவப்பும் இணைகின்றன; காருக்குள் இருக்கும் மோட்டாரின் இரு முனைகளும், தண்டவாளம் வழியாக, ஒன்றோடொன்று சேர்ந்துவிடுகின்றன. நாம் கம்பித் துண்டால் செய்ததையே கன்ட்ரோலர் செய்கிறது. வயர் நிறங்கள் எல்லா நாட்டிலும் எல்லாக் கம்பெனியிலும் ஒன்றல்ல. நிறத்தை நம்பாமல் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்த பிறகே கத்தரிக்கோலை எடுக்கவும். இரண்டே வயர் உள்ள கன்ட்ரோலரில் பிரேக்குக்குப் பாதையே இல்லை. முதலில் மற்றத் தண்டவாளத்திலிருந்து மூன்றாவது வயர் ஒன்றைக் கொண்டுவந்தால்தான் மேற்கொண்டு எதுவும் செய்ய முடியும்.

முழு பிரேக் இருந்தால் நல்லதுதானே, குறைப்பானேன்? எடை குறைந்த காரில், அதுவும் தடத்தோடு இழுத்துப் பிடிக்கும் காந்தம் அடியில் இல்லாமல் மரத் தடத்தில் ஓட்டும்போது, முழு பிரேக் பின் டயர்களின் பிடியை மீறிவிடும். காரின் வால் விலகும், அல்லது வளைவுக்கு வெகு முன்பே கார் நொண்டி நின்றுவிடும். ஓட்டுபவர் அதை ஈடுகட்ட விசையைத் தொட்டுத் தொட்டு விடுவார்; ஓட்டம் சீராக இருக்காது. பிரேக்கைச் சற்றே தளர்த்தினால் கார் வளைவுக்குள் உருண்டு நுழையும். எந்த அளவு சரி என்பது காருக்குக் கார் மாறும், தடத்துக்குத் தடம் மாறும். அதனால்தான் ஒரு குமிழ் தேவைப்படுகிறது.

இனி கணக்கு. காரின் மோட்டார்ச் சுருளுக்கு 5 ஓம் மின்தடை என்று கொள்வோம். நேர்ப்பாதையின் முடிவில் மோட்டார் தானாக உண்டாக்கும் மின்னழுத்தம் 10 வோல்ட் என்று வைப்போம். முழு பிரேக்கில் 10-ஐ 5-ஆல் வகுக்க, 2 ஆம்பியர் பாயும். பிரேக் வயரில் 1 ஓம் சேர்த்தால் சுமார் 1.7 ஆம்பியர். 5 ஓம் சேர்த்தால் 1 ஆம்பியர், பிரேக் பாதியாகிவிட்டது. 20 ஓம் சேர்த்தால் 0.4 ஆம்பியர், அதாவது ஐந்தில் ஒரு பங்கு. 45 ஓமில் பத்தில் ஒரு பங்கு. அதற்கு மேல் எவ்வளவு கூட்டினாலும் காரில் வித்தியாசம் தெரியாது.

இந்தக் கணக்கு சொல்வது ஒன்றுதான்: பயனுள்ள மாற்றமெல்லாம் முதல் சில ஓம்களுக்குள் நடந்து முடிந்துவிடுகிறது. கையில் கிடைத்தது என்று 100 ஓம் பொருத்தினால், குமிழின் சுழற்சியில் இருபதில் ஒரு பங்குக்குள்ளேயே பிரேக் பாதியாகிவிடும். மீதிச் சுற்று முழுவதும் வீண். மயிரிழை திருப்பினால் ஒரேயடியாக மாறும். நேற்று வைத்த இடத்தில் இன்று வைக்க முடியாது. மோட்டாரின் மின்தடையைப் போல நாலைந்து மடங்கு இருந்தால் குமிழின் பெரும்பகுதி பயன்படும். மேலே சொன்ன மோட்டாருக்கு 25 ஓம் பொருத்தம். 1 ஓமுக்கும் குறைவான சுருள் கொண்ட பெரிய பந்தய மோட்டார்களுக்கு 5 ஓமே தாராளம். மோட்டாரின் மின்தடையை மல்டிமீட்டரில் அளக்கும்போது அச்சை மெல்லத் திருப்பிக்கொண்டே பாருங்கள். பிரஷ் உட்காரும் இடத்தைப் பொறுத்து எண் ஆடும். நிலையாக வரும் குறைந்த எண்ணை எடுத்துக்கொள்ளலாம்.

எந்த வகை என்பதும் முக்கியம். ரேடியோ, ஆம்ப்ளிஃபயரில் ஒலியைக் கூட்டும் கார்பன் வகை இதற்கு ஆகாது; ஒன்றிரண்டு ஆம்பியர் அதன் மெல்லிய கார்பன் தடத்தைத் தீய்த்துவிடும். கம்பி சுற்றிய வகை வேண்டும். எலெக்ட்ரானிக்ஸ் கடையில் வயர்வவுண்ட் பாட் என்று கேட்டால் தருவார்கள். ஒவ்வொரு முறை பிரேக் பிடிக்கும்போதும் வெளிப்படும் ஆற்றல் சொற்பம்தான்: 80 கிராம் கார் விநாடிக்கு 4 மீட்டர் வேகத்தில் போனால் அதன் ஓட்ட ஆற்றல் ஒரு ஜூல் கூட இல்லை. எனவே சூட்டைப் பற்றிப் பெரிதாக அஞ்ச வேண்டாம். கணநேர மின்னோட்டத்தைத் தாங்கும் தடிமனான தொடுகைதான் தேவை. சிறிய கார்களுக்கு 5 வாட் போதும். பெரிய கார்களுக்கு 25 வாட் ரியோஸ்டாட் வாங்கிவிடுவது நிம்மதி. அது கைப்பிடிக்குள் அடங்காது. கேபிளின் மறுமுனையில், தடத்தோடு இணையும் இடத்துக்கு அருகே, ஒரு சிறு பிளாஸ்டிக் பெட்டியில் வைத்துக்கொள்ளலாம்.

எனக்குப் பிடித்த வழி வேறு ஒன்று உண்டு. ஆறு நிலைகள் கொண்ட ரோட்டரி ஸ்விட்ச் ஒன்றை வாங்கி, 0, 1, 2, 5, 10, 20 ஓம் என்று வருமாறு வெள்ளை நிறச் சிமென்ட் ரெசிஸ்டர்களைப் பற்றவைப்பது. சுழற்சி சீராக இருக்காதுதான். ஆனால் ஒவ்வொரு படியும் காரில் தெளிவாக உணரும் மாற்றத்தைத் தரும். சிவப்புக் காருக்கு மூன்றாம் படி, நீலக் காருக்கு நான்காம் படி என்று எழுதி வைத்துக்கொள்ளலாம். ஒரு ஆட்டத்திலிருந்து அடுத்த ஆட்டத்துக்கு அதே அளவு திரும்பக் கிடைப்பது பெரிய வசதி. ஸ்விட்சின் தொடுகைகள் 2 ஆம்பியரைத் தாங்குமா என்று மட்டும் கேட்டு வாங்குங்கள்.

இணைப்பு இப்படி. மின்சாரத்தை நிறுத்தி, கன்ட்ரோலரைத் தடத்திலிருந்து கழற்றிவிட்டு, பிரேக் வயரை வெட்டுங்கள். பாட்டின் குமிழ் உங்களைப் பார்க்க, மூன்று கால்களும் கீழே இருக்குமாறு பிடித்தால், வெட்டிய ஒரு முனை நடுக்காலுக்கும் மறுமுனை வலது காலுக்கும் போக வேண்டும். அப்போது வலப்பக்கம் திருப்பத் திருப்ப மின்தடை குறைந்து பிரேக் கூடும். சும்மா கிடக்கும் இடது காலை நடுக்காலோடு இணைத்துவிடுங்கள். உள்ளே தொடுகை ஒரு கணம் தூக்கினாலும் பிரேக் அடியோடு அறுந்துபோகாமல் கொஞ்சமாவது மிஞ்சும். பாட்டின் குறுக்கே ஒரு சிறு ஸ்விட்சையும் போட்டால் நல்லது. பூஜ்யத்தில் வைத்தாலும் பாட் சற்று மின்தடை காட்டும். ஸ்விட்சைத் தட்டினால் அதைத் தாண்டி முழு பிரேக் கிடைக்கும்.

தடத்தில் செருகும் முன் மல்டிமீட்டரால் மூன்று சோதனைகள். விசையை விட்ட நிலையில் கறுப்புக்கும் சிவப்புக்கும் இடையே அளந்தால், குமிழைத் திருப்பத் திருப்ப ஓம் மாற வேண்டும். விசையைச் சற்றே அழுத்தியதும் அந்த இணைப்பு அறுபட வேண்டும். வெள்ளைக்கும் சிவப்புக்கும் இடையே விசையின் எந்த நிலையிலும் தொடர்பே இருக்கக் கூடாது. இருந்தால் மின்வழங்கி குறுக்குச்சுற்றாகி, புதிய பாட் புகைந்துவிடும். தொடுகை ஒரே நேரத்தில் பிரேக் பொத்தானையும் மின்தடைச் சுருளையும் தொடுகிறதா என்று அங்கே தேடுங்கள்.

தடத்தில் பழகும்போது முழு பிரேக்கிலிருந்து தொடங்குங்கள். மிக நீளமான நேர்ப்பாதையின் முடிவிலுள்ள வளைவுதான் அளவுகோல். கார் வால் ஆட்டாமல், முன்கூட்டியே சோர்ந்தும் போகாமல் வளைவுக்குள் நுழையும் இடம் வரை சிறிது சிறிதாகத் தளர்த்துங்கள். பல்சக்கர விகிதம் மாறினால் பிரேக்கும் மாறும்: 9 பல்லுக்கு 27 பல் இருந்த இடத்தில் 30 பல் சக்கரம் வைத்தால், அதே வேகத்துக்கு மோட்டார் இன்னும் வேகமாகச் சுழலும், பிடியும் கூடும். அடியில் காந்தம் உள்ள கார்களுக்குக் காந்தமே இழுத்துப் பிடிப்பதால், குமிழின் விளைவு குறைவாகத்தான் தெரியும்.

ஒன்றை மனதில் வையுங்கள்: இந்தக் குமிழ் பிரேக்கைக் குறைக்க மட்டுமே செய்யும். முனைகளை நேராக இணைக்கும்போது கிடைப்பதே உச்சம். அந்த உச்சமே போதவில்லை என்றால், பிரேக் பொத்தானில் படிந்த கரி, தளர்ந்த ஸ்பிரிங், தேய்ந்த செம்புப் பின்னல், மெல்லிய நீள வயர் ஆகியவற்றைச் சரிபார்க்க வேண்டும். ஒவ்வொன்றும் அரை ஓம், கால் ஓம் என்று திருடிக்கொண்டிருக்கும். சுருளே 1 ஓம்தான் என்றால் அரை ஓம் கூடியதுமே பிரேக்கில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். இன்னொன்று, இதெல்லாம் அனலாக் தடங்களுக்கு மட்டும். டிஜிட்டல் தடத்தில் தண்டவாளத்தில் எப்போதும் மின்சாரம் இருக்கும். பிரேக்கைப் பார்த்துக்கொள்வது காருக்குள் இருக்கும் சிப். அங்கே கன்ட்ரோலரின் வயரை வெட்டக் கூடாது.