தேமலென்று எண்ணித் தாமதிக்கலாகாது

நெசவாளருக்கும் உழவருக்கும் முதற்கண் மூலதனமாக அமைவன அவர்தம் கைகளே. சங்கம் நூலையும் உரத்தையும் கடனாக வழங்கலாம். விரல் நுனியின் உணர்ச்சியைக் கடனாக வழங்க எந்தச் சங்கத்தாலும் இயலாது. அவ்வுணர்ச்சியை ஓசையின்றிக் கவர்ந்து செல்லும் தொழுநோயைப் பற்றி நம் அங்கத்தினர் அனைவரும் அறிந்திருத்தல் அவசியம்.

இந்நோய் பாவத்தின் பயனன்று, பரம்பரையாக வருவதுமன்று. இதற்குக் காரணமான கிருமியை நார்வே நாட்டு வைத்தியர் ஹான்சன் 1873இல் கண்டறிந்தார். மக்களில் மிகப் பெரும்பாலோர்க்கு அதனை எதிர்க்கும் வலிமை இயற்கையிலேயே உண்டு. கிருமி மிக மெதுவாகப் பெருகுவதால், அறிகுறி தோன்றப் பல ஆண்டுகள் ஆகலாம்.

முதல் அறிகுறி, தோலில் தோன்றும் வெளிறிய அல்லது சிவந்த படை. அதில் அரிப்பு இராது, வலி இராது, தொட்டால் உணர்ச்சியும் குறைந்திருக்கும். வலிக்காததால்தான் பலர் அதனைத் தேமலென்று எண்ணி வாளாவிருந்துவிடுகின்றனர். சிலருக்குப் படைக்கு முன்னரே கைகால்களில் மதமதப்புத் தோன்றுவதுண்டு.

கவனியாது விட்டால் கிருமி நரம்புகளைத் தாக்கும். முழங்கையின் உட்புறம் ஓடும் நரம்பு தடித்துக் கெட்டால் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மடங்கிவிடும். அறுந்த பாவு இழையை முடிச்சிடும் விரல்கள் தறியில் பயன்படாமற் போகும். உள்ளங்காலில் உணர்ச்சி அற்றவர் வயலில் முள் தைத்தாலும் அறியார். புண் ஆழமாகி எலும்பை எட்டும். இமை மூடாமற் போனால் கண்ணும் கெடும்.

இந்நோயை ஆராய்ந்து வென்ற வரலாற்றில் நம் செங்கற்பட்டுக்குத் தனியிடம் உண்டு. ஊரை அடுத்த திருமணியில் 1924இல் லேடி வில்லிங்டன் தொழுநோய் விடுதி நிறுவப்பெற்றது. நீரடிமுத்து எண்ணெயையே நம்பியிருந்த காலம் போய், 1940களில் டாக்டர் ராபர்ட் காக்ரேன் அங்கே சல்போன் வகை மருந்துகளைக் கையாண்டார். 1947இல் அங்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், விரல் மடங்கிய ஒரு நோயாளியின் பிடியில் வியக்கத்தக்க வலிமை இருப்பதை உணர்ந்தார். தசைகள் யாவும் செத்துவிடவில்லை என்று தெளிந்து, பின்னர் வேலூரில் தசைநாண்களை மாற்றிப் பொருத்தும் அறுவைச் சிகிச்சையை வளர்த்தார். விரல்கள் தாமே அழுகி வீழ்வதில்லை, வலியறியாமையால் நேரும் காயங்களே அவற்றை அழிக்கின்றன என்பதையும் அவர் விளக்கினார். 1955இல் மத்திய அரசு ஏற்ற திருமணி விடுதியே மத்திய தொழுநோய் போதனை ஆராய்ச்சி நிலையமாயிற்று.

டாப்சோன் என்னும் ஒரே மருந்துக்குக் கிருமிகள் பணியாமற் போனதால், ரிபாம்பிசின், குளோபசிமின் ஆகியவற்றையும் சேர்த்துக் கொடுக்கும் கூட்டு மருந்து முறையை உலக சுகாதார நிறுவனம் 1982இல் வகுத்தது. பொதுவாக, படைகள் ஐந்துக்கு மேற்படாவிடில் 6 மாதம், மேற்பட்டால் 12 மாதம் உட்கொள்ள வேண்டும். மருந்து தொடங்கிய சில நாட்களிலேயே நோய் பிறர்க்குப் பரவுவது நின்றுவிடும். சிறுநீர் சிவப்பதையும் மேனி கறுப்பதையும் கண்டு அஞ்சி மருந்தை நிறுத்தலாகாது. பின்னர் அவை தாமே மாறிவிடும். இடையில் படைகள் வீங்கிச் சிவந்தாலோ நரம்பில் வலி கண்டாலோ அன்றே வைத்தியரிடம் செல்க. தாமதித்தால் ஊனம் நிலைத்துவிடும்.

உணர்ச்சி இழந்தவர் நாள்தோறும் பாதங்களைக் கண்ணால் சோதித்து, நீரில் ஊறவைத்து எண்ணெய் தடவி, மெத்தென்ற ரப்பர் அடியுள்ள செருப்பை அணிதல் நன்று. சூடான பாத்திரத்தைத் துணிகொண்டே பற்றுக.

பத்தாயிரம் பேரில் ஒருவர்க்கும் குறைவு என்னும் நிலையை நம் நாடு 2005இல் எய்தியது. ஆயினும் ஆண்டுதோறும் புதிய நோயாளிகள் காணப்படுகின்றனர். மணவிலக்குக்கு இந்நோயைக் காரணமாகக் காட்டும் விதியும் 2019இல் நீக்கப்பட்டது. சட்டம் விலக்கிய வெறுப்பை நாம் மனத்தில் வைத்திருத்தல் முறையோ? மருந்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகக் கிடைக்கிறது. உணர்ச்சியற்ற படையுள்ள அங்கத்தினரைத் தறியினின்று விலக்காமல், கைப்பிடித்து அங்கே அழைத்துச் செல்வதே கூட்டுறவாகும்.