சரக்கில் குறையா? சும்மா இருக்காதீங்க!



கும்மிடிப்பூண்டியில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தாலும், சுற்றுக் கிராமங்களில் இன்னும் நெல்லும் வேர்க்கடலையும்தான். கிணற்றுக்கு 5 எச்.பி. மோட்டார் என்று பேசிப் பணம் கட்டுறீங்க. வீட்டில் பிரித்துப் பார்த்தால் 3 எச்.பி. அப்போ என்ன செய்யணும்?

1930-ம் வருஷத்து சரக்கு விற்பனைச் சட்டத்தில் இதற்கு வழி இருக்கு. பேரத்துக்கு உயிரான பேச்சு ‘நிபந்தனை’. அதை ஒட்டிய சின்னப் பேச்சு ‘உத்தரவாதம்’. எச்.பி. மாறினால் நிபந்தனை மீறல். மோட்டாரைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தைக் கேட்கலாம். இலவசமாகப் பழுது பார்ப்பேன் என்றவர் வராமல் போனால் உத்தரவாத மீறல், நஷ்டஈடு மட்டும்தான்.

குறை தெரிந்தும், “போகட்டும்” என்று ஓட்டிக்கொண்டிருந்தால் சரக்கை ஏற்றுக்கொண்டதாக ஆகிவிடும். அப்புறம் திருப்ப முடியாது; நஷ்டஈடுதான். ஆகவே உடனே கடைக்காரருக்கு எழுத்து மூலம் தெரிவியுங்க.

சரி, விதைத்த விதையை எப்படித் திருப்புவது? ஆந்திர விவசாயிகள் வழக்கில் 2012-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: விவசாயியும் நுகர்வோரே, சோதனைக்கு விதை மிச்சம் வைக்கவில்லை என்று அவர் மனுவைத் தள்ளக் கூடாது. முளைப்பு சரியில்லையென்றால், வயலை உழுதுவிடாமல் வேளாண்மை அலுவலருக்குக் காட்டி அறிக்கை வாங்குங்க.

திருவள்ளூரிலுள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 வருஷத்துக்குள் மனுக் கொடுக்கணும். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுக் கட்டணம் கிடையாது.

பில், விதைப் பை, அதிலுள்ள சீட்டு மூன்றையும் அறுவடை முடியும்வரை பத்திரமா வையுங்க.