நடுவயதில் தெரியவரும் பிறவி நோய்

நீங்காத இருமல் என்றாலே காசநோய் என்று முடிவு கட்டுவது நம் கிராமங்களில் வழக்கம். முதலில் காசநோய்ப் பரிசோதனை செய்துகொள்வது அவசியமே. அதில் கிருமி காணப்படாமலும் இருமலும் சளியும் ஆண்டுக்கணக்கில் தொடருமாயின், அரிதாகச் சிலருக்கு அது 'சிஸ்டிக் பைப்ரோசிஸ்' என்னும் பிறவி நோயாக இருக்கலாம்.

தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதுற்ற மரபணு வந்து சேர்ந்தாலன்றி இந்நோய் உண்டாகாது. அம்மரபணு 1989இல் கண்டறியப்பெற்றது. அதன் பழுதால் நுரையீரலில் சளி பிசின்போல் இறுகுகிறது. வியர்வையில் உப்பு மிகுகிறது. பழுது கடுமையாயின் குழந்தைப் பருவத்திலேயே நோய் வெளிப்படும். இலேசாயின் முப்பது, நாற்பது வயதிலும் தெரியவரும். ஆடவர் சிலருக்கு மகப்பேறின்மையே முதல் அறிகுறியாகும். இதனை அறியாது மனைவியைப் பழிப்பது தகாது.

வியர்வையைச் சோதித்து நோயை அறியலாம். லிட்டருக்கு 60 மில்லிமோலும் அதற்கு மேலும் குளோரைடு இருப்பின் இந்நோய் எனக் கொள்வர்.

இது பிறருக்குத் தொற்றுவதன்று. நோயாளருக்குத் தனிப்பாயும் தனிக்குவளையும் வேண்டா. வெயிலில் உழைக்கும் நோயாளர், வைத்தியர் சொற்படி நீருடன் உப்பும் கூடுதலாகக் கொள்ளல் வேண்டும். சளியை நாள்தோறும் வெளியேற்றும் பயிற்சியால் நுரையீரலைப் பேணலாம். காலந்தாழ்ந்து அறியினும், அறிந்தபின் செய்யத்தக்கவை பலவுண்டு.